தோள்பட்டைக்குக் கீழே, கை எட்டாத இடம்

அக்கா,

இன்று காலை நெம்மேலி நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறியதும் ஐடி கார்டை எடுக்கப் பையைத் திறந்தேன். உன் ஜெல் ட்யூபின் மூடி கழன்று கிடந்தது. டிபன் டப்பா சுற்றிய துணி, கைக்குட்டை, கார்டின் கயிறு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஈஷியிருந்தது. அந்தக் குளிர்ச்சியான மருந்து வாசனை பஸ் முழுக்கப் பரவி, டிரைவர்கூடக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முன் சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்தாள். எனக்குச் சுளிக்கத் தோன்றவில்லை. நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய் என்றுதான் ஒரு நொடி தோன்றியது.

மற்றவர்கள் எல்லாம் போனவர்களை மல்லிகை வாசனையிலும் சாம்பிராணி வாசனையிலும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வாய்த்தது மூட்டுவலி மருந்து வாசனை. இத்தனைக்கும் உனக்கு அத்தர் என்றால் உயிர். பெருநாளுக்கு மறுநாள் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தலை கிறுகிறுக்கும். ஆனால் அந்த வாசனை உன்னைக் கொண்டுவருவதில்லை, இதுதான் கொண்டுவருகிறது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால், "அம்மாம் டப்பு குடுத்து வாங்குன அத்தரு உனுக்கு ஞாபகம் வர்ல, இந்த ஜெல்லுதான் வருதா? நல்லா கீதுடி" என்று சண்டைக்கு வந்திருப்பாய்.

ட்யூபின் வாலை நீ சுருட்டிச் சுருட்டித் தலைமுடி க்ளிப் போட்டு வைத்திருந்தாய், அந்த க்ளிப் இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு வரும். காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டேன், இருக்கிறது. பார்க்காமல் விட்டால் நீ விடமாட்டாய் என்று தெரியும்.

நாம் முதலில் பேசிக்கொண்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கார் ஹெட்லைட் செய்கிற அந்தக் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். மேலே தொங்குகிற ஸ்குரு மெஷினை வலது கையால் இழுத்து இழுத்து முடுக்குகிற வேலை எனக்கு. ஒரு ஹெட்லைட் முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகும் தோளும் சேர்கிற இடத்தில் ஒரு கட்டி மாதிரி இறுகிக்கொண்டது. எந்தக் கையை எப்படி வளைத்தாலும் அந்த இடம் எட்டாது. அன்று பஸ்ஸில் இடமில்லாமல் நான் கம்பியைப் பிடித்து நின்றேன். நீ மாமல்லபுரத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்தாய்.

"குந்து. எங்கடி வலிக்குது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா எடது கையால கம்பிய புடிச்சிகினு வர்ற? திரும்பு."

என் பேர்கூட உனக்குத் தெரியாது. திரும்பி உட்கார்ந்தேன். புர்காவின் மேல்துணியை ஒரு கையால் விரித்துத் திரைமாதிரிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் சுடிதார் கழுத்தைத் தளர்த்தி, சில்லென்று அந்த ஜெல்லை வைத்தாய். சரியாக அந்த இடத்தில். நான் இடத்தைக் காட்டவே இல்லை. கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே என்று தேய்த்துக்கொண்டே, மாமல்லபுரம் மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் பெண் உனக்குச் சொன்ன சட்டதிட்டம் எல்லாவற்றையும் எனக்கு ஒப்பித்தாய். புளியங்கொட்டை அளவு போதும். புண் இருக்கும் இடத்தில் கூடாது. மேலே துணி போட்டு இறுக்கிக் கட்டக்கூடாது. வெந்நீர்ப் பை வைக்கக்கூடாது. வலி மாத்திரையையும் இதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்த்துப் போடக்கூடாது. பத்து நாளாகியும் விடாத வலிக்கு ஜெல் இல்லை, டாக்டர்தான். கடைசியில், "தேய்க்கறதுன்னா சண்ட போடறது இல்ல, தெரிஞ்சிக்கோ. சில பேரு தோல உரிச்சிருவாளுங்க" என்றாய். திருப்போரூர் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அது நம் வழக்கமானது. உன் பை எனக்காக சீட்டில் உட்கார்ந்திருக்கும். நான் நெம்மேலியில் ஏறியதும் அது உன் மடிக்குப் போகும். திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் என் தோள். மற்றப் பெண்களும் உன்னிடம் வந்தார்கள். ஒருத்திக்குக் கழுத்து, இன்னொருத்திக்கு முட்டி. "எங்க வலி, எங்க வலி?" என்று நீ கேட்டுக்கொண்டே வருவாய், டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி.

நான் மட்டும் ஒவ்வொரு நாளும் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் தொடங்குவேன். உனக்கு அது எரிச்சல். எனக்கு அது வீட்டிலிருந்து வந்த பழக்கம். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். இடுப்பு வலி என்று ஒரு நாள் வாயைத் திறந்தால் மறுநாள் அந்த வரிசையில் வேறு ஒருத்தி நிற்பாள். எங்கள் வீட்டில் வலியைச் சொல்வதும் வேலை வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றுதான். கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கார்டு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஹெட்லைட் விவகாரத்தை இப்போது எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

ஹெட்லைட்டுக்கு உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, அதை வெறும் விரலால் தொட்டால் போச்சு, கறை போகவே போகாது. அதனால்தான் துணி க்ளவுஸ். அதனால்தான் லைனில் எவளும் கையில் எண்ணெய், க்ரீம், பவுடர் எதுவும் தடவக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். நீயும் அதில் கறார். காலையில் தோள், கழுத்து, முட்டி. கைக்கு வேலை முடிந்து திரும்பும்போதுதான். தேய்த்து முடித்ததும் பாட்டில் தண்ணீரும் சோப்புத்துண்டும் எடுத்து, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கழுவுவாய். பின்னால் பைக்கில் வருகிறவன் திட்டுவான். நீ திரும்பித் திட்டுவாய்.

என்னை ஸ்குரு மெஷினிலிருந்து, ரிஃப்ளெக்டரின் விளிம்பில் க்ளிப்புகளை அழுத்திப் பொருத்தும் இடத்துக்கு மாற்றியிருந்த நேரம். நாள் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி, சோறு பிசையக்கூட முடியவில்லை. அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் என் பேர் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பயணிகளிடமெல்லாம் "எங்க வூட்ல பர்மனென்ட் ஆவப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த நேரத்தில் போய் விரல் வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது? உன்னிடம் சொன்னால் நீ நேராக லைன் இன்சார்ஜிடம் போய் நிற்பாய். அதனால் உன்னிடமும் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு ட்யூப் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை டீ பிரேக்கில் வலி தாங்காமல் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைவிரலுக்கு ஜெல் தடவினேன். புளியங்கொட்டை அளவு இல்லை, புளியங்காய் அளவு. காயக்கூட விடாமல் அதன் மேல் க்ளவுஸை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் கண்ணாடி மூடும் முன்னே விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற வேலை உன்னுடையது. முதல் ரிஃப்ளெக்டரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கலைப் பார்த்ததும் நீ அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாய். நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தலையைத் தூக்கி லைனைப் பார்த்தாய். உன் பார்வை என்னிடம் வந்து நின்று, தாண்டிப் போனது. அப்புறம் ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினாய். டிராலி நிறைந்தது.

லைன் நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லார் கையையும் மோந்து பார்ப்பது என்று இன்சார்ஜ் சொல்லிவிட்டார். எவள் கையில் வாசனை வருகிறதோ அவள் வீட்டுக்கு. நான் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன். சனியன், போகவே இல்லை. லாக்கர் ரூமில் சுவரோரம் நின்று அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ உள்ளே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. கையில் புது ட்யூப். "எல்லாரும் கைய நீட்டுங்கடி" என்றாய்.

"இன்னாக்கா இது?"

"நீட்டுன்னா நீட்டு. எவளுக்காவது கை வலிக்காம கீதா? கீதுன்னா அவ நீட்ட வாணாம்."

ஒருத்திகூட விலகவில்லை. லைனில் இருபது பெண்கள், நாற்பது கைகள். கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி எல்லாரும் வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள். ட்யூப் முழுசும் காலி. அந்தச் சின்ன அறையில் மூச்சு விட முடியவில்லை. சிலருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ மட்டும் சிரிக்கவில்லை.

இன்சார்ஜ் பாவம், நல்ல மனுஷன்தான். முதல் கையை மோந்தார், தலையை ஆட்டினார். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது கைக்கு வந்தபோது அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "என்னம்மா இது, எல்லாருக்குமா கை வலி?" என்று கேட்டார்.

"ஆமா சார், எல்லாருக்குந்தான். இத்தினி நாளா யாரும் கேக்கல" என்றாய் நீ.

எல்லாரும் கை கழுவி, புது க்ளவுஸ் மாட்டி, லைன் ஓட ஒரு மணி நேரம் ஆனது.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் நீ என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையும் பேசவில்லை. ஆனால் பை சீட்டில் இருந்தது. நான் வந்ததும் மடிக்குப் போனது. என்னைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்து, துணியை விரித்து, தோளைத் தேய்த்துவிட்டாய், ஒரு வார்த்தை இல்லாமல். கை வழக்கத்தைவிட அழுத்தமாக இருந்தது. தேய்ப்பது சண்டை போடுவது இல்லை என்று சொன்னவள்தான் நீ. ஒன்பது நாள் இப்படிப் போனது. நடுவில் முன் சீட்டுப் பெண்ணிடம், "அவ நாஸ்தா துன்னாளான்னு கேளு" என்பாய். அவள் திரும்பி என்னைக் கேட்பாள். "துன்னேன்னு சொல்லு" என்பேன். நாம் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் ஒருத்தி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பத்தாவது நாள் நானே இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். அது என் விரல், என் ஜெல் என்று. அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பட்டியலிலிருந்து என் பேர் போனது. அடுத்த பட்டியலில்தான் வந்தது, ஆறு மாதம் கழித்து. ஆனால் வேலை போகவில்லை. அவர் எழுதிக்கொண்டதில் விரலைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். நர்ஸ் என் கையைப் பார்த்தாள், ஒரு வாரம் க்ளிப் வேலை கூடாது என்றாள். அப்புறம் நீ விடாமல் போய் நின்று நின்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தியும் இடம் மாறுவது என்று வந்தது. துணி க்ளவுஸுக்கு உள்ளே ரப்பர் க்ளவுஸும் வந்தது. இன்றைக்கும் லைனில் அப்படித்தான் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் கம்பெனி வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவேன், அது அக்கா வழக்கம் என்று.

சொல்லிவிட்டு வந்த அன்று சாயந்திரம் பஸ்ஸில் உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ரிஜெக்ட் ஆச்சேன்னா நான் பேசாம இருந்தேன்? போனா போவுது அந்த லைட்டு. வெரலு அப்டி வீங்கிகினு கீது, பக்கத்துலயே குந்திகினு வர்றேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கக்கூஸ்ல போயி ஒளிஞ்சிகினு தடவுனியே. அதுக்குடி."

சொல்லிவிட்டு என் கட்டைவிரலை இழுத்து மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாய். எனக்கு அழுகை வந்தது. வந்த கண்ணீரை அதே கட்டைவிரலால் துடைத்துக்கொண்டேன். அப்புறம் என்ன, கண் எரிந்து நான் போட்ட கூச்சலில் டிரைவர் செங்கல்பட்டு ஏரிக்கரையில் வண்டியையே நிறுத்திவிட்டார். நீ பாட்டில் தண்ணீரை என் முகத்தில் ஊற்றிக்கொண்டே, "அழுவறதுக்கு முன்னாடி கை கழுவணும்டி" என்று சிரித்தாய். பத்து நாள் சிரிப்பையும் சேர்த்து அன்றைக்கே சிரித்து முடித்தாய்.

அதற்குப் பின்னால் எத்தனையோ வருடங்கள் அதே சீட்டு, அதே ஏரி. என் பிள்ளைகள் வளர்ந்தார்கள், உன் மகளுக்குக் கல்யாணம் ஆனது. நீ எத்தனை தோள் தேய்த்திருப்பாய் என்று தெரியாது. உனக்கு மட்டும் யாரும் தேய்க்கக்கூடாது. முட்டி வலித்தால் நீயே தேய்த்துக்கொள்வாய். "நான் தேய்க்கறேன்க்கா" என்றால், "உன் கை ராட்சசக் கை, போ" என்பாய்.

அதனால்தான் அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாலு மாதம் முன்னே ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஏறி உட்கார்ந்ததும் நீ ட்யூபை என் கையில் கொடுத்தாய். "இன்னைக்கு எனுக்குத் தேச்சு வுடு. எடது தோளு. ரொம்ப வலிக்குது" என்றாய். பரீட்சையில் பாஸான மாதிரி எனக்குப் பெருமை. புளியங்கொட்டை அளவு எடுத்தேன். கீழேயிருந்து மேலே, சண்டை போடாமல் தேய்த்தேன். உன் கழுத்தில் வேர்வை இருந்தது. "இன்னாக்கா, இப்டி வேர்க்குது?" என்றதற்கு, "வாயு" என்றாய். செங்கல்பட்டு வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாய். மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள் நான் ஏறியபோது சீட்டில் நீயும் இல்லை, பையும் இல்லை. டீ பிரேக்கில் போன் வந்தது. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான்.

உன் வீட்டுக்கு லைன் முழுக்க வந்திருந்தோம். உள்ளே உன் உறவுப் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடையில் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். அந்த இடது தோளில் இப்போது யாருடைய கை இருக்கிறதோ என்று நினைத்தேன். அப்புறம் முகத்தைக் காட்டினார்கள். அமைதியாகத்தான் இருந்தாய்.

கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனி நர்ஸ் எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசினாள். எல்லாத் தோள்வலியும் தோளில் பிறப்பதில்லையாம். இதயத்தில் அடைப்பு வந்தால் இடது தோளிலும் கையிலும் தாடையிலும்கூட வலி தெரியலாம், வேர்க்கலாம், மூச்சு வாங்கலாம், அப்போது ஜெல்லும் கிடையாது வாயு மாத்திரையும் கிடையாது, ஓடு ஆஸ்பத்திரிக்கு என்றாள். இரண்டு நாளும் பஸ் செங்கல்பட்டு வழியாகத்தான் போனது. பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. நான் உன்னை எழுப்பக்கூடாது என்று தோளை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு நாற்பதாம் நாள் ஓதியபோது உன் மகளிடம் இதை எல்லாம் சொல்லிவிட்டேன். நான்தான் தேய்த்துத் தேய்த்து வலியை மூடிவிட்டேன் என்று. திட்டட்டும் என்றுதான் போனேன். அவள் உன் கைப்பையைத் திறந்து இந்த ட்யூபை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ரெண்டு நாளும் நாங்க கேட்டோம் ஆன்ட்டி, ஏம்மா மூஞ்சி ஒரு மாதிரி கீதுன்னு. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாங்க. வலிக்குதுன்னு அவங்க வாயத் தொறந்து சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அவ கை நல்லா பழகிடுச்சி, பஸ்ல தூங்கிட்டேன்னு வந்து சொன்னாங்க."

அக்கா, உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஊருக்கெல்லாம் எங்கே வலி, எங்கே வலி என்று கேட்டவள், வீட்டில் உன் பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல" என்றாயே. அது என் வசனம். அதற்காக ஒன்பது நாள் என்னிடம் பேசாமல் இருந்தவள் நீ. நானும் ஒன்பது நாள் பேசாமல் இருந்து பார்க்கலாம் என்றால் அதற்கு ஆள் இல்லை. ஆனால் உன் மகள் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் கோபம் நிற்பதில்லை. என்னிடம் சொன்னாய். யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாய், தோளைக் கொடுத்தாய், தூங்கினாய். எனக்கு விஷயம் தெரியவில்லை, அது என் குறை. ஆனாலும் நீ எனக்குக் கொடுத்தது பெரிது. உனக்கு நன்றி என்ற வார்த்தையை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "போடி பேஜாரு" என்றிருப்பாய். இப்போது சொல்லிவிடுகிறேன். என் தோளுக்கு நன்றி. கார்டுக்கு நன்றி. அந்த ஒன்பது நாளுக்கும் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அந்த ஜன்னலோர சீட்டில் நான் என் பையை வைத்துவிடுவேன். யாரையும் உட்கார விடுவதில்லை. பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும், கேட்பதில்லை. திருப்போரூரில் புதிதாக ஒருத்தி ஏறுகிறாள், நான் சேர்ந்தபோது இருந்த வயசு இருக்கும், ஸ்குரு மெஷினில் காண்ட்ராக்ட். இடமில்லாமல் பின்னால் டயருக்கு மேலே இருக்கும் சீட்டில் போய் உட்காருவாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் எகிறி விழுவது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாலு மாதமாகப் பையை எடுக்கவில்லை. நீ பார்த்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாய்.

இன்று அவள் ஏறும்போது வாசனை பஸ் முழுக்க இருந்தது. நான் கைக்குட்டையில் பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள்.

நான் பையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"குந்து. எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்..." என்று ஆரம்பித்தவள் ட்யூபைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "தோளுக்கா."

"எந்தத் தோளு? நெஞ்சு இறுக்கமா கீதா? கை வழியா எறங்குதா? வேர்க்குதா? மூச்சு வாங்குதா? மறைக்காம சொல்லு, செங்கல்பட்டுல எறங்கி ஆஸ்பத்திரி போயிடலாம். லீவு நான் சொல்லிக்கறேன்."

"இன்னாக்கா, டாக்டரு மாதிரி கேக்கற? வலது தோளுதான். மெஷினு இழுத்து இழுத்து."

கையை மேலே தூக்கச் சொன்னேன், தூக்கினாள். எந்த இடம் என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தியதும் கத்தினாள். அப்புறம்தான் க்ளிப்பைக் கழற்றினேன். எனக்கு விரிக்கப் புர்கா இல்லை, துப்பட்டாவை விரித்துக்கொண்டேன். கீழேயிருந்து மேலே தேய்த்தேன். ஏரிக்கரை வந்தபோது அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் கழுவினேன். பைக்கில் வந்த ஒருவன் திட்டினான். உன் அளவுக்கு எனக்குத் திட்ட வரவில்லை.

அவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு திரும்பினாள். ட்யூபை என் கையிலிருந்து வாங்கி, வாலை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினாள்.

"உனுக்கு எங்கக்கா வலி?"

நாலு மாதமாக அந்த இடம் கல்லாகத்தான் கிடக்கிறது, அக்கா. வீட்டில் சுவரில் தேய்த்துப் பார்த்தேன், கரண்டிக் காம்பால் தடவிப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் போனது.

சொல்லவில்லை. திரும்பி உட்கார்ந்து, இடத்தைக் காட்டினேன்.